ஞாயிற்றுக்கிழமைச் சட்டை

இஸ்திரிக் கடைக்காரரை அந்தக் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மடிப்பு’ என்றால் போதும். “மடிப்பு கடை திறந்துட்டாரா?” என்பார்கள். “மடிப்பு அண்ணன்கிட்ட குடுத்துட்டு வா” என்பார்கள். சட்டைக் கையில் அவர் வைக்கும் மடிப்பு தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே கோடாக இறங்கும். அதனால் வந்த பட்டம். அவருக்கும் உள்ளூர அதில் கொஞ்சம் கர்வம்தான். ஒரே கையில் இரண்டு கோடு விழுந்த சட்டையோடு யாராவது போனால், சொந்தப் பிள்ளை தடுக்கி விழுந்ததைப் பார்த்தவர் மாதிரி ‘த்சொ’ கொட்டுவார்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், சாய்ந்த கூரையோடு ஓர் அறை. உயரமானவர்கள் உள்ளே வந்தால் தலையில் இடித்துக்கொள்ளாமல் போக மாட்டார்கள். கம்பளி விரித்த மேஜை, ஆவி விடும் இஸ்திரிப் பெட்டி, முடித்த துணிகளை மாட்ட ஓர் இரும்புக் கம்பி. மேஜையின் வலது ஓரத்தில் தண்ணீர் தெளிக்க ஒரு நீல பாட்டில். கண்ணாடி துடைக்கிற மருந்து தீர்ந்த பிறகு கழுவி எடுத்து வைத்துக்கொண்டது.

துணியில் தண்ணீர் தெளித்துச் சூடு வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆவியோடு மேலே வந்துவிடும். சோப்பு, தலை எண்ணெய், பீரோவில் போட்ட பூச்சி உருண்டை, குழந்தை கக்கிய பால், எதையும் மறைக்க முடியாது. வருஷக்கணக்காக அந்த ஆவியில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றதில் அவருடைய மூக்கு நன்றாகத் தேறியிருந்தது. மாடியிலிருந்து காற்றில் பறந்து விழும் துண்டையும் காலுறையையும் எடுத்துக்கொண்டு வாட்ச்மேன் நேரே கடைக்குத்தான் வருவார்.

“எந்த வீடு, சொல்லுங்க பாப்போம்.”

மடிப்பு ஒரு தடவை முகர்வார். “நாலாவது மாடி. வாத்தியார் வீடு. பாவம், திரும்பவும் முட்டி வலி போல, தைலம் அடிக்குது.”

போய்க் கேட்டால் சரியாகத்தான் இருக்கும். கட்டடமே அவருடைய மூக்கைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டது.

ஊர் வாசனையெல்லாம் தெரிந்த மனுஷருக்குத் தன்னுடைய வாசனை மட்டும் தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாகக் காலத்தை ஓட்டியிருப்பார். அதைக் கெடுத்தது ஒரு குழந்தை. தேய்த்த துணிகளோடு லிஃப்டில் போய்க்கொண்டிருந்தபோது, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வாண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தமாகச் சொன்னது: “அம்மா, இந்த மாமா காயாத துணி மாதிரி நாறுறாரு.”

அந்த அம்மாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மடிப்பு சிரித்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டக்கூடத் தட்டினார். ஆனால் அன்றிலிருந்து லிஃப்டில் ஏறவில்லை. ஐந்தாவது மாடி என்றாலும் படிதான். “உடம்புக்கு நல்லது” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தால், கூட்டம் இல்லை என்று முன்பு நினைத்தவர், இப்போது ஜன்னல் பக்கம் ஒடுங்கி உட்கார ஆரம்பித்தார்.

அப்படி ஒடுங்கிக் கிடந்த காலத்தில்தான் அந்தச் சட்டை வந்தது. ஐந்தாவது மாடிக்கு வந்த விருந்தாளியுடையது. காலரில் சூடு பட்டதும் குப்பென்று ஒரு வாசனை எழுந்தது. மடிப்பு கையை நிறுத்திவிட்டார். சென்ட் வாசனை அவருக்குப் புதிதா என்ன? ஆனால் அதுவரை அவர் பார்த்ததெல்லாம் ஒன்று பூவாக இருக்கும், இல்லையென்றால் மிட்டாயாக இருக்கும். இதில் தித்திப்பு என்பதே இல்லை. காய்ந்த மரத்தை அப்போதுதான் அறுத்தது போல முதலில் ஒரு வறட்சி. அதன் பின்னால் மசாலாப் பட்டையின் காரம். இரண்டுக்கும் நடுவில் மிளகு மாதிரி, ஆனால் மிளகும் இல்லாத ஏதோ ஒன்று. சட்டையைத் தேய்த்து மாட்டிய பிறகும் மூன்று தடவை போய் முகர்ந்துவிட்டு வந்தார்.

சட்டையை வாங்க வந்த விருந்தாளியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பெயரைத் தெரிந்துகொண்டார். கடைத்தெருவில் ஒரு பெரிய கடைக்குப் போய்க் கேட்டார். அங்கிருந்த பெண் ஒரு அட்டைத் துண்டில் அடித்துக் காட்டினாள்.

“ஜூனிபரும் பட்டையும் சார். ஜூனிபர்னா ஊசியிலை மரம் மாதிரி ஒண்ணு. அதோட காய், காஞ்சா மிளகு மாதிரி கருப்பா இருக்கும். உங்களுக்கா சார்?”

“சேச்சே, எனக்கெதுக்கும்மா? மாப்பிள்ளைக்கு” என்றார். அவருக்கு மகளே கிடையாது.

வாங்கியாகிவிட்டது, எங்கே போட்டுக்கொள்வது? வீட்டில் போட்டால் மனைவி சும்மா விடுவாளா? ஓட்டு ஓட்டென்று ஓட்டித் தள்ளிவிடுவாள். கடையில் கழுத்தில் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே வியர்வை அதை முழுங்கிவிட்டது. அப்போதுதான் அவருடைய தொழில் புத்தி வேலை செய்தது. இன்னொரு நீல பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சென்ட்டை அதில் நாலு தடவை அடித்து, குலுக்கி, தன் சட்டையில் தெளித்துச் சூடு வைத்தார். வாசனை நூலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு வியர்த்தாலும் அசையவில்லை. எது எது என்று தெரிய, தன் பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டை மாட்டி, கஞ்சி மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். “கடையைக் கழுவணும்” என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார். கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சட்டையைப் போடுவார். தன்னைத் தெரியாத பக்கமாகப் போகிற பஸ்ஸில் ஏறுவார். அங்கே சுற்றிவிட்டு, ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிட்டு, திரும்பிவந்து சட்டையைக் கடையிலேயே மாட்டிவிட்டுப் பழைய சட்டையில் வீட்டுக்குப் போவார். அவ்வளவுதான் விஷயம். பொம்பளை கிம்பளை எதுவும் கிடையாது. ஒரு தடவை பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் ஒருவர், “என்ன சென்ட் சார் இது? ரொம்ப நல்லா இருக்கு” என்று கேட்டார். ‘சார்’ என்ற அந்த ஒரு வார்த்தையை மடிப்பு அந்த வாரம் முழுக்க மென்றுகொண்டிருந்தார்.

இனி மூன்றாவது மாடி நர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வெள்ளை யூனிஃபார்ம். மடிப்பை ‘அண்ணே’ என்பாள், அவர் ‘தங்கச்சி’ என்பார். அவளுடைய வீட்டுக்காரர் டிரைவிங் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் காலையே பார்த்துக்கொண்டிருக்கிற உத்தியோகம். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. மனைவி யாரிடமாவது சிரித்துப் பேசினால் இவர் கால் தானாக பிரேக்கைத் தேடும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மடிப்பு மறுநாளைக்கான தன் சட்டையைத் தேய்த்து முடித்த நேரம். அறை முழுக்க அந்த வாசனைதான். நர்ஸ் ஓட்டமாக ஓடி வந்தாள்.

“அண்ணே, ராத்திரி டியூட்டி, திடீர்னு கூப்பிட்டுட்டாங்க. இந்த ரெண்டு யூனிஃபார்மையும் கொஞ்சம் போட்டுக் குடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்.”

“அஞ்சு நிமிஷம் தங்கச்சி. நீ போய்க் கிளம்பு, முடிச்சுக் கம்பில மாட்டி வைக்கிறேன்.”

கை எதை எடுத்தது என்று கண் பார்க்கவில்லை. மூக்கோ ஏற்கெனவே அந்த வாசனையில் ஊறிக் கிடந்தது, அது எப்படிச் சொல்லும்? ரப்பர் பேண்ட் போட்ட பாட்டிலாலேயே இரண்டு யூனிஃபார்முக்கும் தாராளமாகத் தெளித்து, கோடு பிடித்து, அழகாக மாட்டினார். அவள் பறந்துவந்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் டிரைவிங் மாஸ்டர் கடைக்குள் வந்தார். குனிய மறந்து தலையில் இடித்துக்கொண்டார். அதைத் தடவக்கூட இல்லாமல் பையிலிருந்து ஒரு யூனிஃபார்மை எடுத்து மேஜையில் போட்டார்.

“அண்ணே, வேற யார்கிட்டயும் இத கேக்க முடியாது. உங்க மூக்குக்குத் தெரியாத வாசனை இந்த பில்டிங்ல இல்ல. மோந்து பாத்து சொல்லுங்க. இது எந்த வீட்டு வாசனை?”

முகர வேண்டிய தேவையே இருக்கவில்லை. துணி மேஜையில் விழும்போதே மடிப்புக்குத் தெரிந்துவிட்டது. ‘பாட்டில் மாறிப்போச்சு மாஸ்டர், இது என்னோடது.’ இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அந்த மூச்சில் லிஃப்டில் நின்ற வாண்டு வந்து நின்றது. ‘மடிப்பு சென்ட் போட்டுக்கிட்டு பஸ்ஸுல சுத்துறாராம்’ என்று மாடிக்கு மாடி சிரிப்பது காதில் கேட்டது. வீட்டில் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. முகர்வது போலத் துணியில் முகத்தைப் புதைத்து நேரத்தைக் கடத்தினார்.

“இது... நம்ம பில்டிங் வாசனை இல்லியே மாஸ்டர்.”

“ஆம்பள சென்ட்தானே?”

“ஆமா. ஆம்பளைங்க போடறதுதான்.”

மாஸ்டர் துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார். போகும்போதும் இடித்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு நாளில் சரியாகிவிடும் என்று மடிப்பு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புருஷன் பொண்டாட்டிக்குள் வராத சண்டையா? ஆனால் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற அறை பொல்லாதது. மேலே யார் கத்தினாலும் படி வழியாக நேரே இறங்கி வந்துவிடும். செவ்வாய்க்கிழமை முழுக்க இறங்கி வந்தது. “யாரு அவன்?” என்று மாஸ்டர். “எந்தச் சாமி மேல வேணா சத்தியம் பண்றேன்” என்று அவள். ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது. மடிப்பு இஸ்திரிப் பெட்டியை ஒரு தலையணை உறை மேலேயே வைத்தபடி நின்றுவிட்டார். கருகல் வாசனை வந்த பிறகுதான் எடுத்தார். தொழிலுக்கு வந்த புதிதில் கருக்கியதற்கு அப்புறம் இதுதான். அந்த உறையை ஒளித்து வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலையில் நர்ஸ் ஒரு பையோடு கீழே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“அண்ணே, என் துணி ஏதாவது பாக்கி இருக்கா? அக்கா வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியாது.”

“என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார் பாருங்கள், ஒன்றுமே தெரியாதவர் மாதிரி! அந்த வாயை என்ன செய்தால் தகும்?

“யூனிஃபார்ம்ல யாரோட சென்ட்டோ அடிக்குதாம். எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியலண்ணே. வார்டுல எத்தனையோ பேரைத் தூக்குறோம், புரட்டிப் போடறோம். எதுல ஒட்டுச்சோ. வெளி ஆம்பள வாசனைன்னு நீங்களே சொல்லிட்டீங்களாமே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களைத் தப்பு சொல்லலண்ணே. நீங்க பொய் சொல்ற ஆள் இல்ல. மூக்கு சொன்னதைத்தான் சொல்லியிருப்பீங்க. அதான் யோசிச்சு யோசிச்சு எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு.”

மடிப்புக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கித்தான் கொள்ளவில்லை, அசைக்கவாவது செய்தாரா? அதுவும் இல்லை. கம்பியிலிருந்து அவளுடைய இரண்டு துணிகளை எடுத்துக் கொடுத்தார். பையைத் தூக்கிவருகிறேன் என்று கை நீட்டினார். “இருக்கட்டும்ணே, நீங்க வேலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் தனியாகவே தூக்கிக்கொண்டு போனாள்.

மத்தியானம் வீட்டுக்குப் போனவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையை நனைக்காமலே இருந்தார். மனைவி இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது கொட்டிவிட்டார். விருந்தாளியின் சட்டையில் ஆரம்பித்து, இல்லாத மாப்பிள்ளை, ரப்பர் பேண்ட், பஸ், நர்ஸ், மாஸ்டர், பை, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று வந்து விழுந்தன. சொல்லி முடித்தபோது அவருடைய உடம்பெல்லாம் கூசியது.

அவர் பயந்தது போல அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அப்ப ஞாயித்துக்கிழமை கடை கழுவுறதுன்னா இதுதானா. பஸ்ஸுல போறவன் வர்றவனுக்கெல்லாம் மணந்திருக்க. எனக்கு மட்டும் வருஷம் பூரா கஞ்சி வாசனை. ஒரு நாளாவது எங்கிட்ட வந்து நின்னு, எப்படி இருக்குன்னு கேட்டியா நீ?”

இந்தப் பக்கமிருந்து அடி விழும் என்று அவர் நினைத்ததே இல்லை.

“சரி, என் கோவம் எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பொண்ணோட அக்கா வீடு எனக்குத் தெரியும். நான் போய் கூட்டிட்டு வரேன். நீ போய் அந்த மாஸ்டர்கிட்ட சொல்லு. என்னை முன்னாடி விட்டுட்டு நீ பின்னாடி ஒளியலாம்னு பாக்காத.”

சாயங்காலம் மாஸ்டர் வேலையிலிருந்து வந்ததும் மடிப்பு அவரைக் கடைக்குக் கூப்பிட்டார். துணி வாங்க வந்த இரண்டு பேர் நின்றார்கள், வாட்ச்மேனும் நின்றார். அவர்களெல்லாம் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது. காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

“மாஸ்டர், அந்த வாசனை என்னோடது.”

மாஸ்டரின் முகம் மாறிய விதத்தைப் பார்த்ததும்தான், தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்கு உறைத்தது.

“என்ன சொல்றீங்க? நீங்களா? என் பொண்டாட்டிகிட்ட...”

“ஐயோ, அதில்ல, அதில்ல! பாருங்க, இருங்க.”

கஞ்சி மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ரப்பர் பேண்ட் பாட்டிலை எடுத்தார். ஒரு வெள்ளைத் துணியை விரித்துத் தெளித்தார். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். ஆவி எழுந்தது. காய்ந்த மரமும் பட்டைக் காரமுமாகச் சாய்ந்த கூரைக்கு அடியில் சுழன்று, நின்றவர்கள் மூக்கிலெல்லாம் ஏறியது.

“என் சட்டைக்குத் தெளிக்கிறது இது. சனிக்கிழமை அவசரத்துல பாட்டில் மாறிப்போச்சு. தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது. யாரும் கிடையாது. நான் போட்டுக்கறதுதான். நான்தான் சென்ட் போடறேன்.”

மாஸ்டர் குனிந்து துணியை முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். இறுக்கமெல்லாம் முகத்திலிருந்து இறங்கியது. அடுத்த கணம் வெடித்துச் சிரித்தார்.

“இந்த வயசுல கமகமன்னு சென்ட்டாண்ணே! அண்ணி பாடு கொண்டாட்டம்தான்!”

“ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மாப்பிள்ள மாதிரி நழுவுவாரு, நான் அப்பவே நெனச்சேன்!” என்று வாட்ச்மேன் எடுத்துக் கொடுத்தார். துணி வாங்க வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எந்தச் சிரிப்புக்குப் பயந்து அத்தனையும் செய்தாரோ, அந்தச் சிரிப்பு வந்தது. ஆவி அடங்கும் முன்பே அது அடங்கியும் போனது. இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. அசட்டுத்தனமாக அவரும் கொஞ்சம் சிரித்தார்.

அப்போதுதான் வாசலில் தன் மனைவியோடு நர்ஸ் நிற்பதைப் பார்த்தார். அவள் கையில் காலையில் கொண்டுபோன பை. அவள் சிரிக்கவில்லை.

“திங்கக்கிழமை இவர் துணியைக் கொண்டாந்து குடுத்தாரே, அப்பவே உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியும் தங்கச்சி.”

“காலைல நான் இதே எடத்துல பையோட நின்னப்ப?”

அவரால் நிமிர முடியவில்லை. “தெரியும்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மாஸ்டர் சிரித்தபடியே பையை வாங்கக் கை நீட்டினார். “எல்லாம் சரியாப்போச்சு, வா” என்றார். அவரிடமும் அவள் பையைக் கொடுக்கவில்லை. இரண்டு பேரையும் தாண்டிப் படியேறிப் போனாள். அவளுடைய ஒவ்வொரு அடியும் மடிப்பின் தலைக்கு மேலேயே கேட்டது.

கட்டடம் ஒரு வாரம் அவரை ஓட்டியது, பிறகு மறந்துவிட்டது. மனைவி அந்த சென்ட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்க் கண்ணாடிக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். “போடணும்னா இங்க போடு. எனக்கும் மூக்கு இருக்கு” என்றாள். அவர் இன்னும் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை கடை மூலையில் ஒரு பழைய கோணியின் மேல் கிடக்கிறது. அதில் எது வாசனை எது தூசி என்று இப்போது அவருடைய மூக்குக்கே தெரியாது.

நர்ஸ் இப்போது தன் துணியைத் தானே தேய்த்துக்கொள்கிறாள். சண்டை எதுவும் இல்லை. காலையில் டியூட்டிக்குப் போகும்போது முன்னைப் போலவே கடை வாசலில் ஒரு கணம் நிற்கிறாள். “வரேண்ணே” என்கிறாள். “போய்ட்டு வா தங்கச்சி” என்று அவரும் சொல்கிறார். அவளுக்குத் தேய்க்கத் தெரியாது. யூனிஃபார்மின் வலது கையில் இரண்டு கோடு விழுந்திருக்கிறது, ஒன்று நேராக, ஒன்று கோணலாக. தெருமுனை வரைக்கும் அது அவருடைய கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. மடிப்பு ‘த்சொ’ கொட்டுவதில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிடப் போகிறாளே என்று தலையைக் குனிந்துகொண்டு, யாருடைய சட்டையையோ தேய்க்கிறார்.